தவலையில் வெட்டிய பெயர்

சாலோமி தவலையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இறந்து கிடக்கும் அத்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் வைக்க வேண்டும். வீட்டிலிருந்த பெரிய பாத்திரம் இந்தப் பித்தளைத் தவலை ஒன்றுதான். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அத்தையின் கட்டிலுக்கடியில் பழைய சேலைகளைச் சுமந்துகொண்டு கிடந்தது. அத்தை யாரையும் அதில் கை வைக்க விட்டதில்லை. அத்தை, அதாவது நேசம்மாள் டீச்சர், ஒரு சொல் சொன்னால் பாளையங்கோட்டையில் பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேர் அவளிடம் படிக்காதவர்கள்.

களிம்பு விட்டதும் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்துத் தெரிந்தது. கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுப்பவர்கள் பேர் வெட்டிக் கொடுப்பது வழக்கம்தானே என்று தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பிறகுதான் வாசித்தாள்.

'கிருபைராஜ் – நேசம்மாள். 17-11-49.'

சாலோமி மறுபடியும் ஒரு தடவை வாசித்தாள். அத்தை கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள் என்றுதான் இத்தனை வருடமும் கேட்டு வந்திருக்கிறாள்.

வாசலில் பெயிண்டர் பூதத்தான், கல்லறையில் நடுவதற்கான கறுப்படித்த மரச்சிலுவையில் வெள்ளைப் பெயிண்டால் எழுதிக்கொண்டிருந்தார். 'செல்வி' என்பது முடிந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பா பாக்கியசீலனைச் சாலோமி அடுக்களைக்குக் கூட்டி வந்து தவலையைக் காட்டினாள்.

அப்பா குனிந்து எழுத்தை விரலால் தடவினார்.

"ஒனக்கு மாமா" என்றார். "அம்பாசமுத்திரத்துல தாத்தா வாத்தியாரா இருக்கையில நடந்த கல்யாணம். ஒம்பதாம் நாளு ஆத்துல குளிக்கப் போனவர வெள்ளம் கொண்டுட்டுப் போயிட்டு."

"யாருமே சொல்லலியே, யப்பா."

"தாத்தா இங்கன மாத்தலாகி வந்ததும், யார்ட்டயும் வாயத் தெறக்கக் கூடாதுன்னுட்டாங்க. இருவது வயசுப் பிள்ளைக்கு வேற மாப்பிள்ள பாக்கணும்லா. அக்கா மாட்டேன்னுட்டா. பொறவு அப்படியே இருந்து போச்சு."

"செல்வின்னு எழுதச் சொல்லி அத்தை கேட்டாங்களா?"

"வெறும் ஒம்பது நாளு, சாலோமி. ஊருக்கு இப்பம் என்னன்னு சொல்ல?"

"நாப்பத்தேழு வருசம் இத கட்டிலுக்கு அடியில வச்சிருந்தாங்களே!"

சாலோமிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. மண்ணுக்குள்ளும் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டுமா?

"அண்ணாச்சி, பேரு சொல்லுங்க. அஞ்சு மணிக்குப் போதகர் வந்துருவாக" என்று பூதத்தான் வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

அப்பா போனார். மண்ணெண்ணெய்த் துணியை வாங்கி, 'செல்வி'யைத் தன் கையாலேயே துடைத்தார். பூதத்தான் பிரஷ்ஷோடு அவர் முகத்தைப் பார்த்தார்.

"திருமதின்னு போடும். திருமதி நேசம்மாள்..." அப்பா நிறுத்தினார். "கிருபைராஜ்."

அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்றோ. வாசலில் நின்ற பழைய மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குளிப்பாட்டி, வெள்ளைச் சேலை உடுத்திப் பெட்டியில் வைத்தாயிற்று. போதகரும் வந்துவிட்டார். சிலுவையை எடுக்கப் போன சாலோமியைப் பூதத்தான் தடுத்தார்.

"இன்னும் காயல தாயி. தொட்டா அழிஞ்சிரும்."

அப்பா அன்றைய தினசரியை நாலாக மடித்தார். வேட்டி மண்ணாவதைப் பார்க்காமல் சிலுவையின் முன் தரையில் உட்கார்ந்து, ஈர எழுத்துகளுக்குப் பைய விசிறத் தொடங்கினார்.