காபிக்குச் சொன்ன பொய்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்று சொல்லிவைத்தார்களே, அவர்களில் ஒருவருக்காவது வயிற்றுக் கோளாறு இருந்திருக்காது. இருந்திருந்தால் கணக்கு ஆயிரத்தோடு நிற்காது என்று தெரிந்திருக்கும்.

தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தனபாலனுக்குப் பல வருஷமாகப் பெருங்குடலில் புண். "ஆறும், திரும்ப வரும், மறுபடி ஆறும். கூட வச்சுக்கிட்டே வாழப் பழகுங்க" என்று டாக்டர் மாத்திரை எழுதினார். பால், காபி, காரம் மூன்றுக்கும் தடை போட்டார். கிளம்பும்போது, "முக்கியமா, டென்ஷன் ஆகாதீங்க" என்றார். அன்றிலிருந்து தனபாலனுக்கு ஒரு டென்ஷன் கூடுதல்: எங்கே டென்ஷன் ஆகிவிடுவோமோ என்பது.

கோடம்பாக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை எந்த ஓட்டலில் பாத்ரூம் எந்தப் பக்கம், எங்கே தாழ்ப்பாள் சரியில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விஷயம் தெரிந்தவள் மனைவி முத்துலட்சுமி ஒருத்திதான். மகள் ஷண்முகப்ரியாவுக்குக்கூட 'அப்பாவுக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை' என்ற அளவோடு சரி. அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் மனிதர் வாயை இன்னும் இறுக்கிக்கொண்டார். 'சீக்காளி வீடு' என்று எவனாவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், அலைந்து பிடித்த மயிலாப்பூர்ச் சம்பந்தம் போய்விடும். மாப்பிள்ளை சித்தார்த்தன் நல்ல பையன். ஆனால் அவன் அப்பா அறிவு ஒரு நகைக்கடைக்காரர், எதையும் உரசிப் பார்த்தே பழகியவர். மகளோ அந்தப் பையனிடமிருந்து போன் வந்தாலே முகம் மலர்கிறாள். அந்த முகம் வாடிவிடக் கூடாது என்பதுதான் தனபாலனின் ஒரே பயம்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது புருஷனும் பெண்டாட்டியும் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினார்கள். பத்திரிகை வைப்பது சும்மா காரியமா? தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினால், பதிலுக்குக் காபி வரும். குடிக்காமல் எழுந்தால், 'பெரிய இடத்துச் சம்பந்தம் வந்ததும் நம்ம வீட்டுக் காபி இறங்கலையாக்கும்' என்று மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

முதலில் நங்கநல்லூர் அத்தை வீடு.

"ஏ ஐயா, வெயில்ல வந்திருக்க. ஒரு வாய் காபி குடி."

"இல்ல அத்தை, சனிக்கிழமை விரதம்."

பொய் பழுதில்லாமல்தான் வந்தது. ஆனால் அத்தையின் முகம் பூரித்துப்போனது. "விரதமா? ஆஞ்சநேயர் வடை இருக்கு. பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லப்படாது" என்று மிளகு மணக்க இரண்டு வடையைக் கையில் வைத்து, தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். முத்துலட்சுமி மட்டும் புருஷனுக்கு வந்த காபியையும் சேர்த்துக் குடித்தாள். அன்று மாலைக்குள் அவள் குடித்த காபிக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

கார் அடையாறு சிக்னலுக்கு வந்தபோது வடை தன் வேலையைக் காட்டியது. தனபாலனுக்கு நெற்றி வியர்த்தது.

"ஷாஹுல், ஓரமா நிறுத்துப்பா."

டிரைவர் ஷாஹுல் ஹமீது கண்ணாடியில் பார்த்தான். "இங்க எப்டி சார் நிறுத்துறது? எதுர்ல போலீஸ் நின்னுகினு கீறாரு."

"நிறுத்துறியா, இல்ல உன் சீட்டு போகட்டுமா?"

வண்டி நின்றது. இறங்கி ஓடிய தனபாலனுக்குக் கண்ணில் பட்டது புற்றுநோய் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்குள் ஓடுகிறவனை யாரும் ஏன் ஓடுகிறாய் என்று கேட்பதில்லை. அந்த ஒரு வசதிக்காகவே அவர் ஆஸ்பத்திரிகளை மதித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, கண் சிவந்து, முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தபடி வெளியே வந்தார். வாசலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள் அனுப்ரியா, அடையாறு சித்தப்பாவின் பேத்தி.

"பெரியப்பா, நீங்க எங்க இங்க?"

"ஒண்ணுமில்லம்மா. தெரிஞ்சவர் ஒருத்தரைப் பார்க்க வந்தேன்."

"யாரை?"

தனபாலனுக்கு அந்த நேரம் ஒரு பெயர் கிடைக்கவில்லை. பாத்திரக்கடையில் நாள் முழுக்க ஆயிரம் பேரிடம் பேசுகிறவர், வாயைத் திறந்து திறந்து மூடினார். "தாத்தாகிட்ட எதுவும் சொல்லாதம்மா" என்று வேறு சொல்லிவைத்தார். இதைவிடத் தெளிவாக ஒரு வதந்தியைத் தொடங்கிவைக்க முடியாது.

சித்தப்பா வீட்டில், காபியை விட்டுவிடுவதாகத் திருச்செந்தூருக்கு வேண்டுதல் என்றார். திருவான்மியூர் அண்ணன் வீட்டில், பல் பிடுங்கியிருக்கிறது என்றார். மந்தைவெளிப் பெரியம்மாவிடம், சர்க்கரை. ஒவ்வொரு வீட்டிலும் நம்பத்தான் செய்தார்கள். ஆனால் எல்லா வீடும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பதை மனிதர் மறந்துபோனார்.

அத்தை 'என் மருமகன் விரதமெல்லாம் இருக்கான்' என்று பெருமையாகப் போட, பெரியம்மா 'சர்க்கரை உள்ளவன் விரதம் இருக்கலாமா?' என்று கேட்க, அண்ணன் பல்லைச் சொல்ல, சித்தப்பா வேண்டுதலைச் சொன்னார். கடைசியில் அனுப்ரியா, பெரியப்பா பாவம் என்று, தான் பார்த்ததைச் சொன்னாள். குழு கப்சிப் என்றானது. பிறகு தனபாலன் பார்ப்பதற்குள் அவரவர் போட்டதை அழித்துவிட்டு, அவரையும் முத்துலட்சுமியையும் மட்டும் விட்டு இன்னொரு குழு ஆரம்பித்தார்கள்.

மறுநாள் முதல் கடைக்குச் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவரும் பாத்திரம் வாங்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஹார்லிக்ஸ் கொண்டுவந்தார்கள். அத்தை நெற்றி நிறைய விபூதி பூசி, "பிள்ளை கல்யாணத்தைக் கண்குளிரப் பாத்துருவே" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி ஒருவர் வந்து, பழைய சண்டையில் தப்பு தன்மேல்தான் என்று ஒப்புக்கொண்டு போனார்.

"எல்லாரும் ஏன் திடீர்னு நல்லவங்களாயிட்டாங்க?" என்று தனபாலன் மனைவியைக் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. புரியாத நல்லதைப்போலக் கவலை தருவது வேறில்லை. வயிறு இன்னும் மோசமாகி, ஆளும் இளைத்தார். அதைப் பார்த்து ஹார்லிக்ஸ் இன்னும் கூடியது.

அப்போதுதான் சம்பந்தி போன் செய்தார். "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாறோம். கொஞ்சம் பேசணும்." குரலில் சிரிப்பு இல்லை.

தெரிந்துவிட்டது, யாரோ சொல்லிவிட்டார்கள், சம்பந்தம் முறிந்தது என்றே தனபாலன் முடிவுகட்டினார். மகளைப் பார்த்தார். அவளும் சில நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, கண் வீங்கியிருந்தது. பாவி, பிள்ளை வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டேனே என்று பாத்ரூமில் உட்கார்ந்து அழுதார். அழுவதற்கும் அவருக்கு இருந்த இடம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி, அவர் மனைவி, மாப்பிள்ளை மூவரும் வந்தார்கள். முத்துலட்சுமி கேசரியும் பஜ்ஜியும் வைத்தாள். யாரும் தொடவில்லை.

அறிவு தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, கல்யாணத்தை வர்ற வெள்ளிக்கிழமையே கோயில்ல வச்சு முடிச்சிருவோம்."

தனபாலன் விழித்தார். "பத்திரிகை அடிச்சுக் குடுத்தாச்சே, சம்பந்தி?"

"பத்திரிகை போனா வேற அடிச்சுக்கிடலாம். நீங்க தெம்பா இருக்கும்போதே உங்க கையால பிள்ளையைத் தாரை வார்க்கணும். எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." நகைக்கடைக்காரருக்குக் குரல் உடைந்தது. அவர் மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"நான் எங்க போயிரப் போறேன்?" என்றார் தனபாலன்.

அதற்கு எல்லோரும் சேர்ந்து அழுதார்கள்.

சமையலறை வாசலிலிருந்து ஷண்முகப்ரியா வெடித்தாள். "இன்னும் எத்தனை நாளைக்குப்பா மறைப்பீங்க? கேன்சர்னு ஊருக்கே தெரியுது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? நானா கேட்டா நீங்க மனசு ஒடிஞ்சிருவீங்கன்னு தினமும் தனியா அழுதுட்டிருக்கேன்."

தனபாலனுக்கு அப்போதுதான் விரதமும் வடையும் ஆஸ்பத்திரியும் ஹார்லிக்ஸும் ஒன்றாகக் கூடின. சொல்லாமல் இருந்தால் மகள் அழுவாள். சொன்னாலோ, சம்பந்தி வீட்டார் முன்னால், பஜ்ஜித் தட்டுக்கு முன்னால், சபையில் சொல்லக்கூடாத சொல்லைச் சொல்ல வேண்டும். மகளின் வீங்கிய கண்ணைப் பார்த்தார்.

"ஏ பிள்ள, எனக்குக் கேன்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேதி."

சம்பந்தியம்மா மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"என்னது?" என்றார் அறிவு.

"பேதி, சம்பந்தி. குடல்ல புண்ணு. வரும் போகும். சாகடிக்காது, ஆனா உட்காரவும் விடாது. அன்னைக்கு அத்தை குடுத்த வடை அடையாறுல மடக்கிருச்சு. கண்ணுக்குத் தெரிஞ்ச கட்டடத்துல நுழைஞ்சேன்." ஆரம்பித்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. வருஷக்கணக்காக அடைத்துவைத்தது அல்லவா? மாத்திரை, பயம், தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூம்கள், சீக்காளி வீடு என்று சம்பந்தம் முறிந்துவிடுமோ என்ற கவலை, எல்லாவற்றையும் கொட்டினார்.

அறிவு எழுந்துவந்து அவரைக் கட்டிக்கொண்டார். "பேதியா! வெறும் பேதியா!"

"வெறும்னு சொல்லாதீங்க" என்று தனபாலனுக்குக் கோபமே வந்துவிட்டது. "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத் தெரியும்."

ஷண்முகப்ரியா சிரித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே அப்பாவின் முதுகில் இரண்டு அடி போட்டாள். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துவிட்டு முதல் பஜ்ஜியை எடுத்தாள்.

அன்று மாலையே அத்தையின் குரல் குழுவில் ஒலித்தது: "தனபாலனுக்கு ஒண்ணும் இல்ல, பேதிதானாம். எல்லாம் அந்த ஆஞ்சநேயர் வடை மகிமை." கீழே பூங்கொத்துகளும் கும்பிட்ட கைகளும் குவிந்தன. கூடவே மாதுளந்தோல், வெந்தயம், மோர் என்று வைத்தியம் வரிசை கட்டியது. பங்காளி மட்டும், சண்டையில் தப்பு இருவர்மேலும்தான் என்று திருத்தம் போட்டார்.

பத்திரிகையில் போட்ட தேதியிலேயே கல்யாணம் நடந்தது. மணமேடைக்குப் பக்கத்திலேயே பாத்ரூமோடு இருந்த மாப்பிள்ளை அறையைச் சம்பந்தியம்மா பெண்ணின் அப்பாவுக்கு ஒதுக்கிவிட்டாள். தாரை வார்த்து முடிந்தது. தாலியை ஐயர் ஆசீர்வாதத்துக்குச் சுற்றவிட்ட நேரத்தில் தனபாலன் மெல்ல எழுந்தார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆட்கள் நகர்ந்து வழிவிட்டார்கள்.

தாலி திரும்பி வந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். கெட்டிமேளத்துக்கு அறிவு எப்போது கை தூக்குவார் என்று நாதஸ்வரக்காரர் அவரைப் பார்த்தார். அறிவு அறைக் கதவைப் பார்த்தார்.

"இருக்கட்டும், முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கு. சம்பந்தி வரட்டும்."

கதவுக்கு உள்ளே தனபாலனுக்கு அது கேட்டது. மண்டபம் முழுக்கத் தனக்காகக் காத்திருக்கிறது, எதற்காக என்று எல்லோருக்கும் தெரியும். வழக்கமாக இந்த நினைப்பு ஒன்றே போதும், வயிறு இன்னொரு சுற்று புரட்டிப்போடும். இன்று அது பேசாமல் இருந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

நிதானமாகக் கையைக் கழுவி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். மேடையிலிருந்து மகள் புருவத்தை உயர்த்திச் சரியா என்று கேட்டாள். தனபாலன் தலையசைத்தார். அறிவு கையைத் தூக்கினார், மேளம் முழங்கியது.