நாலு படிக்கு மேலே ஒரு கண்ணாடிக்கடை

நடுத்தெருவில் உட்கார்ந்து கண் பரிசோதனை செய்துகொண்டவள் நான். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அன்றைக்குத் தெருவே சிரித்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நாலு படி. என் சக்கர நாற்காலிக்கு ஒரு படிகூட ஆகாது. கடைக்காரர் எழுத்து அட்டையை வாசலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் சாலையோரத்திலிருந்து தொண்டை கிழியக் கத்தி வாசித்தேன். கடைசி வரி மங்கலடித்தபோது, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு புண்ணியவான் என் காதோரம் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தான். கடைக்காரர் "பாஸ்!" என்றார். அந்தக் கண்ணாடியைப் போட்ட நாளிலிருந்து தலைவலி. அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுப்பது என் வேலை. கண் போனால் பிழைப்பு போச்சு.

மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். பொதுமக்களுக்குத் திறந்து வைத்த கடைக்குள் எல்லோரும் நுழைய வழி இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒரு சாய்தளம் போடச் சொல்லுங்கள், என் பாட்டுக்கு நான் ஏறிப் போய்க்கொள்கிறேன், அவ்வளவுதான் கேட்டேன்.

கடைக்காரர் இடிந்து போய்விட்டார். "என்னிக்காவது உன்னை விரட்டியிருக்கேனாம்மா? பிரேமெல்லாம் தட்டுல வெச்சு ரோட்டுக்கே ஓடி வரேனே!"

ஓடி வருவார்தான். கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும்.

அதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார் என்று தகவல் வந்தது. அண்ணன் முந்தின நாளே பாடம் எடுத்தான். "நீ ரோட்டுலயே இரு. ஏற முடியலன்னு அவங்க கண்ணால பாக்கட்டும். அது போதும்." அண்ணனுக்கு வீடு மாற்றும் லாரியில் வேலை. பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் அவன் முதுகில்தான் மாடி ஏறும். சின்ன வயதில் விபத்துக்குப் பிறகு என்னைத் தூக்கித் தூக்கித்தான் அந்த வேலைக்கே பழகினான் என்று அம்மா கிண்டலடிப்பாள்.

அதிகாரி வந்தார். ஒரு பெண்மணி, தோளில் பெரிய பை, நெற்றி நிறைய வியர்வை. படிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ எழுதினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"வெயில் மண்டையைப் பொளக்குது. உள்ள ஃபேனுக்கு அடியில உக்காந்து பேசலாமே?" என்றார்.

அண்ணன் குனிந்துவிட்டான். யோசித்துச் செய்யவில்லை, கொட்டாவி வருகிற மாதிரி அது வந்தது. அவன் என் தோளுக்கடியில் கையைக் கொடுக்க, கடைக்காரர் ஓடி வந்து கால் பக்கம் பிடித்தார். "பாத்து, படி இருக்கு" என்று சொன்னது யார் தெரியுமா? சாட்சாத் நான்தான். என் கையும் தன்பாட்டுக்கு அண்ணன் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. கடைக்காரரின் கை என் தொடைக்கடியில் இருந்தது. கண்ணால் பார்த்ததால் தெரியும். அங்கே எனக்கு உணர்ச்சி கிடையாது.

கடைக்குள் கண் பரிசோதிக்கும் நாற்காலியில் என்னை இறக்கினார்கள். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். தூக்குகிறவர்களிடம் பல்லைக் காட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை பிடி தளர்ந்துவிடுமோ என்று ஒரு பயம்.

அதிகாரியின் முகத்தில் நிம்மதி. "அட, சுலபமா வந்துட்டீங்களே! அவரும் மனசாரத்தான் உதவி பண்றாரு. அப்புறம் தடை இருக்குன்னு நான் எப்படிம்மா எழுத முடியும்? புகாரை இத்தோட முடிச்சிடலாம்."

அண்ணன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். "ஐயையோ" என்றான் மெதுவாக.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், இல்லை கோபமாவது வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. மரத்துப் போயிருந்தது. கடை முழுக்கக் கண்ணாடிகள், எல்லாவற்றிலும் என் முகம், யாரோ ஒருத்தியின் முகம் மாதிரி.

"சரி மேடம், நான் கிளம்பறேன்" என்றேன்.

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இதோ, எறக்கி விட்டுடறோம்."

"யாரும் தொடாதீங்க. நானே போறேன். எப்படிப் போறதுன்னு மட்டும் மேடம் சொல்லட்டும்."

வாசலுக்குக் கீழே என் சக்கர நாற்காலி காலியாக நின்றிருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார்.

"விளையாடாதீங்கம்மா. நான் இன்னொரு இடத்துக்குப் போகணும்."

"போங்க மேடம். உங்களால போக முடியும்."

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். யாரோ கண் பரிசோதிக்க வந்தார்கள், நாற்காலியில் நான் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பிறகு இன்னொருவர். வெயில் சாய்ந்தது. கடைக்காரர் என்னிடம் கெஞ்சினார், அதிகாரியிடம் கெஞ்சினார், கடைசியில் வாசலில் நின்ற அண்ணனிடம் போனார்.

"தம்பி, பொழப்பைக் கெடுக்காதீங்கப்பா. நீயாவது வந்து ஒரு கை புடி."

அண்ணனின் கைகள் நீண்டன. பாதியில் நின்றன. இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டான்.

"அவ கூப்பிடலையே சார்" என்றான்.

அதிகாரி எழுதியிருந்ததை அடித்தார். வெகுநேரம் எழுதினார். பிறகு கடைக்காரரிடம், "சாய்தளம் போட்டே ஆகணும். உத்தரவு வரும்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

ஜெயித்தாயிற்று. சந்தோஷமும் வரவில்லை. உத்தரவு என்றைக்கு வருமோ, சிமெண்ட் என்றைக்குக் காயுமோ. இன்றைக்கு வீடு போய்ச் சேர எனக்கு ஒரே வழிதான் இருந்தது, அது அண்ணனுக்கும் தெரியும்.

அவன் வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தான். கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

"தூக்கட்டுமாடீ?"

இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவன் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கடை மூடும் நேரமாகியும் கடைக்காரர் விளக்கை அணைக்காமல் காத்துக்கொண்டு நின்றார்.