முப்பத்தொன்று காட்டும் சென்சார்

தோலெகென் கால்நடை வைத்தியர், வயது அறுபத்தொன்று. எந்தக் குதிரையின் வயதையும் பல்லைப் பார்த்தே சொல்லிவிடுவார். தன் வயதுக்கு மட்டும் சைக்கிளைத்தான் கேட்பார். சைக்கிளும் விசுவாசமாக, சராசரி முப்பத்தொரு கிலோமீட்டர் வேகம் என்று சொல்லும்.

உண்மையில் சொன்னது பின்சக்கரத்தின் நடுவே ஹப்பில் ரப்பர் வளையம் போட்டு மாட்டியிருந்த சின்ன சென்சார். அல்மாட்டிச் சந்தையில் வாயாடி மலிவாக வாங்கியது. ஊர் பேர் தெரியாத சாமான். சக்கரம் சுற்றுவதை எண்ணிப் போனுக்கு அனுப்பும், அவ்வளவுதான் அதன் படிப்பு.

அந்த முப்பத்தொன்றில்தான் தோலெகெனின் மானமே தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை கப்ஷகாய் சாலையில் சைக்கிள் கூட்டம் கிளம்பும்போது, அந்த வாரத்துச் சராசரி முப்பதைத் தாண்டியதைப் போனில் காட்டினால்தான் குழுத்தலைவி பிபிநூர் முதல் குழுவில் விடுவாள். இல்லாவிட்டால் இரண்டாம் குழு. அது சாலையோரம் தர்பூசணி கண்ட இடத்திலெல்லாம் இறங்கிவிடும் கூட்டம். அதற்குத் தலைவன் யார் தெரியுமா? தோலெகெனின் அக்கா மகன் சயான். அவன் பின்னால் போவதற்குப் பசுவின் பின்னால் நடக்கலாம் என்பது மாமாவின் கட்சி.

"மாமா, அது சந்தைச் சரக்கு. நீங்க நின்னாலும் ஓடுதுன்னு சொல்லும்," என்றான் சயான் ஒரு நாள். "நல்ல கம்பெனியா வாங்குங்க. பணத்தைக் கொண்டு போயி எந்தக் குதிரைக்குப் போடப் போறீங்க?"

அவன் வாயை அடைக்கத்தான் தோலெகென் பேர்பெற்ற கம்பெனி சென்சார் ஒன்றை வாங்கி முன்சக்கரத்தில் மாட்டினார். பழையதோடு அவர் போன் பேசியது. புதியதை மனைவி ரௌஷாவின் போனில் இணைத்தார். அது என்ன டயர் என்று கேட்டது. ரௌஷா குனிந்து டயரில் இருந்ததைப் படித்து அப்படியே போட்டாள்.

ஒரே சாலை, ஒரே கால். அவர் போன் முப்பத்தொன்று என்றது. அவள் போன் இருபத்தெட்டு என்றது. இதற்குப் பேர்தான் சொந்தக் காசில் சூனியம்.

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்," என்றார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் ரௌஷா, பவுர்சாக் மாவுருண்டைகளை எண்ணெயில் புரட்டிக்கொண்டே.

தோலெகென் இரவெல்லாம் யோசித்தார். இருபத்தெட்டு வீட்டில் இருக்கக் கூடாது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, கொடுத்த காசு அப்படி. அப்போதுதான் சயானின் மூன்றாவது உரிமை ஞாபகம் வந்தது. அந்த ஊர் வழக்கப்படி அக்கா தங்கை பிள்ளைகள் தாய்மாமன் வீட்டில் மூன்று முறை ஆசைப்பட்டதை எடுக்கலாம், மாமன் மூச்சு விடக் கூடாது. சயான் ஏற்கெனவே ஒரு வேட்டை நாயையும் வெள்ளிப்பூண் போட்ட ஒரு சேணத்தையும் கொண்டு போயிருந்தான். மூன்றாவதை வைத்துக்கொண்டு எட்டு வருஷமாக மிரட்டி வந்தான்.

மறுநாள் அவனைத் தேநீருக்கு அழைத்தார். புதிய சென்சாரைக் கழற்றிப் பளபளவென்று துடைத்து மேசையில் வைத்தார். அவன் உள்ளே வந்ததும் பதறினவர் போல அதன்மேல் ஒரு துண்டைப் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி இருந்தது.

"அதென்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. கம்பெனி சாமான். உசிரு மாதிரி வெச்சிருக்கேன். அதைப் பத்திப் பேசாத."

சயான் குதிரை மாமிசத்தை மென்றபடி துண்டைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், கதவோரம் நின்ற சைக்கிளைப் பார்த்தான்.

"மூணாவதை இன்னைக்கு எடுத்துக்கறேன்."

தோலெகென் பெருமூச்சு விட்டார். நன்றாகவே விட்டார். "உன் உரிமை. நான் என்ன சொல்ல?"

"அந்தப் பின்சக்கரத்துல இருக்கே, அது."

"அதுவா? குப்பைடா அது."

"உங்களை எனக்குத் தெரியாதா மாமா. எதைப் பத்தி வாயே திறக்கலையோ அதுலதான் உங்க உசிரு இருக்கும்."

பாழாய்ப்போனவன் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு கிண்ணம் தேநீரும் குடித்துவிட்டுப் போனான்.

வேறு வழியில்லாமல் தோலெகென் கம்பெனி சென்சாரைத் தன் போனிலேயே இணைத்து ஒரு சுற்றுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் முப்பத்தொன்று. சந்தோஷத்தில் ரௌஷாவைத் தேடி ஓடினார். "பாத்தியா? கம்பெனிக்காரனே ஒத்துக்கிட்டான். உன் போன்தான் சரியில்ல."

அந்த ஆனந்தம் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கியது. சயான் போன் போட்டான். "மாமா, உங்க சந்தைச் சரக்கு தங்கம். என்கிட்ட ஏற்கெனவே இருக்கிற கம்பெனி சென்சாரும் அதுவும் இம்மி பிசகாம ஒரே வேகம் சொல்லுது. அதுங்களுக்குச் சுத்தறதை எண்ண மட்டும்தான் தெரியும். சக்கரம் எவ்வளவு பெரிசுன்னு போனுக்கு நீங்கதான் சொல்லணும். என்ன போட்டு வெச்சிருக்கீங்க?"

தோலெகென் பார்த்தார். போனில் இருந்தது விற்றுவிட்ட மலைச் சைக்கிளின் தடிச்சக்கரம். போன வருஷம் வசந்தத்தில் மெல்லிய டயர் சைக்கிளுக்கு மாறியபோது சென்சாரை மாற்றி மாட்டினார், சக்கர அளவை மாற்ற மறந்துவிட்டார். ஒன்றரை வருஷமாக இல்லாத சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாகப் பயமாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமையை நினைத்து. இதுவரை அவர் கூட்டத்தோடு போனதெல்லாம் குழு பிரிக்காத மலைச் சுற்றுக்குத்தான், கப்ஷகாய் சாலையில் முதல் குழுவோடு ஒரு முறைகூடப் போனதில்லை.

"சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிப் போனை வைத்தார். அளவை மாற்றவில்லை.

ஞாயிறு காலை பிபிநூர் போனைப் பார்த்தாள், முப்பத்தொன்று, தலையாட்டினாள். முதல் குழு கிளம்பியது. நகர எல்லை தாண்டுவதற்குள் தோலெகெனுக்கு நாக்கு வறண்டது. பெட்ரோல் பங்க் வருவதற்குள் கடைசி ஆளின் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்டவெளி, எதிர்க்காற்று, அவர் ஒருவர். பல்லைக் கடித்து மிதித்தார். திரையில் முப்பத்தொன்று.

பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. இரண்டாம் குழு ஏதோ கல்யாணக் கதை பேசிச் சிரித்துக்கொண்டு வந்து அவரைத் தாண்டத் தொடங்கியது. சயான் மட்டும் வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வந்தான்.

"மாமா, உங்களுக்கு எவ்வளவு காட்டுது?"

"முப்பத்தொண்ணு," என்றார் மூச்சிரைக்க.

"எனக்கும் இப்ப உங்க சென்சார்தான். இருபத்தெட்டு காட்டுது," என்றான். ஒரு தடவை மிதித்து அவருக்கு முன்னால் போய்க் காற்றை மறைத்தான்.

தோலெகென் போனைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். சயானின் பின்சக்கரத்தை ஒட்டியே மிதித்தார். பிறகு, "தர்பூசணி எங்கடா வாங்குவீங்க?" என்று கேட்டார்.