அஞ்சுக்கு அஞ்சு

1973இல் விருத்தாசலத்துப் பீங்கான் பயிற்சிப் பள்ளிக்கு, மதராஸிலிருந்து கமலம் என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். தூக்கம் வராவிட்டால் மனநல மருத்துவரிடம் போவார்களா என்று மாணவர்களைக் கேட்டு அளப்பது அவள் வேலை. 'போகவே மாட்டேன்' என்றால் ஒன்று. 'கண்டிப்பாகப் போவேன்' என்றால் ஐந்து.

கண்காணிப்பாளர் மாணிக்கவேலுவின் கண்ணில் அந்த ஐந்து மட்டுமே பட்டது.

"எல்லாரும் அஞ்சு போடுங்கடா. அடுத்து சேலத்துலயும் கேக்கப் போறாங்களாம், அந்தப் பசங்க நம்மளத் தாண்டக் கூடாது."

"சார், பைத்தியம்னு நெனைச்சிக்குவாங்க," என்றான் ஷபியுல்லா என்ற மாணவன்.

"மொத மார்க்கு வாங்குன பைத்தியமா இருந்துட்டுப் போயேன்!"

எல்லாரும் ஐந்து போட்டார்கள். இப்படி ஒரு பள்ளியை எங்குமே பார்த்ததில்லை என்று கமலம் மேலிடத்துக்கு எழுதினாள்.

இரண்டு மாதம் கழித்து, இத்தனை ஆவலாக இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கடலூரிலிருந்து மனநல மருத்துவர் கோவிந்தசாமி பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் டீக்கடையில் வழி கேட்டதுமே சேதி பள்ளிக்குப் பறந்துவிட்டது. பாதிப் பேர் சுவர் ஏறிக் குதித்தார்கள். நாலைந்து பேர் ஆறிப்போன சூளைக்குள் புகுந்து கதவை இழுத்துக்கொண்டார்கள்.

டாக்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து, "ஆரம்பிக்கலாங்களா?" என்றார்.

மாணிக்கவேலு வெளியே ஓடினார். அடுக்கியிருந்த வாஷ்பேசின்களுக்குப் பின்னால் குந்தியிருந்த ஷபியுல்லாவை இழுத்து வந்து, அலுவலக வாசலில் நிறுத்தினார்.

"உள்ள போயி, தூக்கம் வரலன்னு சொல்லுடா."

"சார், நான் படுத்தா கட்டைதான். தூக்கம் வராட்டி எப்படி இருக்கும்னே தெரியாதே!"

"நான் சொல்றேன் கேளு. படுத்ததும் காதுல சூளை இரையும். உள்ள வச்ச சாமானெல்லாம் விரிசல் விட்டிருக்குமோன்னு நெஞ்சு அடிச்சிக்கும். எழுந்து போயித் தொட்டுப் பாப்ப. திரும்பி வந்தா, வூட்டுக்காரி தூங்குற மாதிரியே படுத்திருப்பா. அவகிட்டயும் சொல்ல முடியாது…"

"சார், எனக்குத்தான் வூட்டுக்காரியே இல்லியே."

மாணிக்கவேலு திரும்பினார். கதவருகில் டாக்டர் நின்றிருந்தார்.

"எத்தனை நாளா?"

"பையனுக்குங்களா?"

"பையனுக்குத்தான்."

"மூணு வருசமா இருக்குதுங்க," என்றார் மாணிக்கவேலு, ஷபியுல்லாவைப் பார்க்காமல்.

டாக்டர் சிரிக்கவில்லை. மாணிக்கவேலுவை உள்ளே உட்கார வைத்து வெகுநேரம் கேட்டார். மருந்துச் சீட்டில் ஷபியுல்லாவின் பெயரை எழுதி, மாணிக்கவேலுவின் வயதைப் போட்டார்.

அப்புறம் மாதாமாதம் இருவரும் கடலூருக்குப் போனார்கள். நோயாளி வாசலில் வேர்க்கடலை தின்பான். துணைக்கு வந்தவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவார். விடுதியில் ஷபியுல்லாவைக் கண்டால் பசங்க ஒதுங்கி நடந்தார்கள். கடலூர் போகும்போதெல்லாம் மாணிக்கவேலு பரோட்டா வாங்கிக் கொடுத்ததால் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

படிப்பு முடிந்து அவன் கிளம்பும் நாள் நெருங்கியது.

"பையன் வேலைக்குப் போறானுங்க," என்றார் மாணிக்கவேலு, டாக்டரிடம். "இனிமே யாரைக் கூட்டியாறது?"

"அவனுக்கு ஒடம்பு தேவலையாயிடுச்சு," என்றார் டாக்டர். "நீங்க வாங்க."

அடுத்த மாதம் மாணிக்கவேலு தனியாகவே பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோது தன் பெயரைச் சொன்னார்.