கர்னலின் நடை

பின்கட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு ரத்தக் கோடு ஓடியிருந்தது. விடிந்தும் விடியாததுமாகக் கதவைத் திறந்த ராஜவேலு, யாரோ வெற்றிலை எச்சிலைத் துப்பியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். கோடு ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை விட்டுவிட்டுப் போய், கர்னலிடம் முடிந்தது. கர்னல் மூலையில் தலையை முட்டி, தோலுரிந்து ரத்தம் கசிந்த முன்காலால் சுவரைப் பிறாண்டி, வழியில்லை என்று கண்டதும் மெதுவாகத் திரும்பி, வந்த வழியே மறுபடி நடக்கத் தொடங்கியது. திரும்பும்போது அதன் ஓடு சுவரில் உரசி, ஆட்டுக்கல்லை இழுத்துப் போகிற மாதிரி சத்தம் வந்தது. முன்தினம் வைத்த அகத்திக்கீரையும் பூசணித் துண்டும் தொடாமல் கிடந்தன. சாப்பிடாமல் நடப்பது இது நான்காம் நாள்.

நான்கு ஆட்கள் சேர்ந்தால்தான் தூக்க முடிகிற ஆமை அது. மதராசில் மர வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரரின் பங்களாவில் ராஜவேலு பதினைந்து வருஷம் தோட்டக்காரனாக இருந்தான். எங்கோ கடல் நடுவில் இருக்கும் தீவிலிருந்து கப்பல்காரன் ஒருவன் கொண்டுவந்து கொடுத்த ஜோடியில் ஒன்று செத்துப்போக, மிஞ்சியது இது. கழுத்துச் சுருக்கத்தைப் பார்த்துத் துரைதான் அதற்குக் கர்னல் என்று பெயர் வைத்தார். இந்தச் சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது, துரை கிளம்புகிற அன்று காலை தன் இரண்டு நாய்களையும் பங்களாவுக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தன் கையாலேயே சுட்டார். முகமெல்லாம் ஈரமாக, துப்பாக்கியோடு கர்னல் இருந்த மாமரத்தடிக்கு வந்தார். "நான் இட்டுகினு போறன் தொர" என்று ராஜவேலு குறுக்கே போய் நின்றான். எங்கே, எப்படி என்று அவனுக்கே அப்போது தெரியாது. சண்டை முடிந்ததும் வந்து அழைத்துக்கொள்வதாகத் துரை சொன்னார். கூட்ஸ் வண்டியில் ஏற்றி, மனைவி கௌரியம்மாளின் ஊரான திருத்தணிக்குக் கொண்டுவந்து, பக்தவச்சலம் வீட்டின் பின்கட்டில் குடியேறி மூன்று மாதம் ஆகிறது. அந்த மூன்று மாதத்தில் நாய்கள் கனவில் வராத வாரம் இல்லை.

மிஷன் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் எலியாஸ், தையல் போட வந்த ஒரு கூலியாளை அனுப்பிவிட்டு ராஜவேலு சொன்னதைக் கேட்டார். சிரிக்கவில்லை. காயம் எத்தனை ஆழம், எலும்பு தெரிகிறதா, நாற்றம் உண்டா என்றெல்லாம் மனுஷருக்குக் கேட்பதுபோலவே கேட்டார். மருந்தெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். இருந்தும் ஒரு காகிதத்தில் புண் கழுவுகிற பொட்டாஸ் உப்பு நாலு சிட்டிகை மடித்துக் கொடுத்தார்.

"ரோஸ் நெறம் வர்ற அளவுதான் தண்ணில போடணும், கறுப்பாச்சின்னா தோலு வெந்துபூடும். மண்ணு ஒரு துளி இல்லாம கழுவு. தொடச்சிக் காய உட்டுட்டு, காயத்தச் சுத்தி வேப்பெண்ண தடவு. ஈ ஒக்காந்தா புழு வச்சிடும்."

"ஆங், சரிங்க."

"ஆனா நடந்துகினே இருந்தா இன்னா போட்டாலும் ஆறாது ராஜவேலு. மொதல்ல நடக்கறத நிறுத்து."

நிறுத்துவது எப்படி என்று அவர் சொல்லவில்லை. ராஜவேலு சுவரோரம் வைக்கோல் பிரிகளை அடுக்கினான். அவற்றைத் தள்ளிக்கொண்டு கர்னல் நடந்தது. பலகையைக் குறுக்கே வைத்தான். பலகையில் முட்டி மூக்குக்குக் கீழே புதிதாகத் தோல் கிழிந்தது. கடைசியில் பழந்துணி சுற்றிய கயிற்றால் பின்கால் ஒன்றை வேப்பமரத்தில் கட்டினான். கயிறு எட்டுகிற மட்டும் போய், அதற்குமேல் நகர முடியாமல், பகல் முழுக்க அது இழுத்துக்கொண்டே இருந்தது. மாலையில் அவிழ்த்துப் பார்த்தபோது துணி கிழிந்து கயிறு தோலில் பதிந்திருந்தது. காப்பாற்றுகிறேன் என்று கூட்டிவந்த உயிரைத் தானே அறுத்துக்கொண்டிருப்பதாகத் தோன்ற, ரோஸ் தண்ணீரைத் துணியில் தொட்டுத் தொட்டு ஒற்றினான். கர்னல் காலை இழுத்துக்கொள்ளவில்லை. எரிச்சல் தெரியாத அளவுக்கு அதன் கவனம் வேறெங்கோ இருந்தது. பங்களாவைத் தேடுகிறது, துரையைத் தேடுகிறது என்று அவன் தீர்மானித்துக்கொண்டான். மறுநாள் மற்றப் பின்காலில் துணியை இரண்டு சுற்றாகச் சுற்றி, மறுபடி கட்டினான். வேறு வழி தெரியவில்லை.

அன்று காலை பக்தவச்சலம் பின்கட்டுக்கு வந்தார். நூல் வியாபாரி, அதட்டிப் பேசத் தெரியாத மனுஷர். ஆமையை வீட்டில் வைத்திருப்பது கெட்டது என்று தெருவே சொன்னபோதும் இதுவரை ஒன்றும் சொல்லாதவர். அவருடைய ஒரே மகன் ரங்கூனில் குமாஸ்தாவாக இருந்தான். தை மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து கடிதம் இல்லை.

"ராஜவேலு, ராத்திரில அது சுவத்துல மோதுற சத்தம் முன்கட்டுல கேக்குது. யாரோ கதவத் தட்ற மாரியே இருக்குது. என் சம்சாரம் எழுந்து எழுந்து போயி வாசக்கதவத் தெறக்கறா. பையன் வந்துட்டான்றா." அவர் ஆமையைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என்னால தாங்க முடியலப்பா. நாளன்னிக்கி ஆடிக்கிருத்திக. அதுக்குள்ள இத்த எங்கனா கொண்டும்போயி உட்டுடு. நீங்க இருங்க, ஒங்கள நான் போவச் சொல்லல."

அவர் போன பிறகு ராஜவேலு வெகுநேரம் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தான்.

கௌரியம்மாளுக்கு அந்த ஆமையைப் பிடிக்காது. கை பட்டதில்லை. 'உங்க கர்னல்' என்றுதான் சொல்வாள். கணவன் தன்னிடம் பேசியதைவிட அதனிடம் அதிகம் பேசினான் என்ற குறை அவளுக்கு உண்டு. அன்று பகல் அவள் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கயிற்றில் சுற்றிச் சுற்றி வந்த கர்னல் ஓரிடத்தில் நின்றது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, கட்டாத பின்காலைத் தூக்கிக் கருங்கல் தளத்தில் வைத்துக் கீறியது. பிறகு கட்டிய கால். மறுபடி இந்தக் கால். நகம் கல்லில் வழுக்கும் சத்தம் மெல்லியதாகக் கேட்டது. சற்று நேரம் அப்படியே அசையாமல் இருந்துவிட்டு, மறுபடி நடந்தது. இன்னொரு கல்லில் நின்றது. அதே போலக் கீறியது.

கௌரியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். பக்கத்துப் பொதட்டூர்பேட்டையில் தன் மூத்த மகளைப் பெற்ற வீடு அவளுக்கு நினைவு வந்தது. மருத்துவச்சி அவளைப் படுக்க விடவில்லை. ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவர் வரை நடக்க வைத்தாள். நடக்க நடக்கச் சுவர்தான் பகை என்று தோன்றியதும், அதில் நெற்றியை முட்டியதும், அறையிலிருந்த யார் முகமும் கண்ணில் படாமல் போனதும் உடம்பில் அப்படியே இருந்தன.

"கயித்த அவுங்க" என்றாள்.

"அவுத்தா முட்டிக்கும்."

"அவுங்கன்றன். இந்த நட எனக்குத் தெரியும். இது ஆம்பள இல்லங்க. முட்ட வைக்க எடம் தேடிகினு இருக்குது. இங்க எல்லாம் கல்லு. அது எங்க போயித் தோண்டும்?"

ராஜவேலு அவளையும் கர்னலையும் மாறி மாறிப் பார்த்தான். "பதினஞ்சு வருசமா பாத்துகினு இருக்கேன், கௌரி."

"பாத்துகினுதான் இருந்தீங்க."

அவன் கயிற்றை அவிழ்த்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. தளத்தில் நாலு கல்லைப் பெயர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்க முன்கட்டுக்குப் போனான். விஷயத்தைக் கேட்டதும் பக்தவச்சலம் திரும்பி உள்ளே பார்த்தார். உள்ளறையில் அவர் மனைவி யாரிடமோ பேசுவது கேட்டது. அங்கே வேறு யாரும் இல்லை. "வேணாம் ராஜவேலு" என்றார். "இந்த வூட்ல வேணாம்."

தோண்ட மண் இருப்பது ஆற்றங்கரையில்தான் என்று கௌரியம்மாள் சொல்ல, ராஜவேலு வண்டி தேடிப் போனான். கோதண்டம் ஸ்டேஷனிலிருந்து மூட்டை ஏற்றுகிற வண்டிக்காரன். நாளை காலையிலிருந்து காவடிக் கூட்டம் வந்துவிடும், இன்றைக்கென்றால் வருகிறேன் என்றான். தெரு ஆட்கள் இருவர் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏற்றக் கைகொடுத்து, இறக்கவும் கூடவே வந்தார்கள். வண்டியில் வைக்கோல் குவியலின் மேல் வயிறு படிந்து கிடந்த கர்னல் எதையும் தொடாத கால்களை விரித்து, காற்றில் நடந்துகொண்டே இருந்தது. கௌரியம்மாள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் ஓட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. வெயிலில் ஓடு அடுப்புக்கல் போலச் சுட்டது. உள்ளே முட்டை உடைந்துவிட்டால் என்ன ஆகும், வலி எடுத்து நாள் கடந்துவிட்டால் தாய்க்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பெண்களுக்கு ஆனவைதான். அவற்றில் சில நல்லபடியாக முடிந்தவை அல்ல.

நந்தியாற்றில் தண்ணீர் இல்லை. கரையோரம் மணலும் செம்மண்ணும் கலந்த ஒரு மேட்டுச் சரிவில் இறக்கினார்கள். கர்னல் இறங்கியதும் நடந்தது. சுவர் இல்லாத இடத்தில் அதன் நடையே வேறாக இருந்தது. மேட்டைச் சுற்றி வந்து, மூக்கை மண்ணில் வைத்து முகர்ந்து, வேண்டாமென்று விலகி, மறுபடி வந்தது. ஒருமுறை பாறைப் பக்கம் நேராகப் போனபோது ராஜவேலு ஓடப்பார்த்தான். கௌரியம்மாள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். வெயில் சாயத் தொடங்கும்போது அது ஒரு நாணல் புதருக்குப் பக்கத்தில் நின்றது. சிறுநீர் விட்டு மண்ணை நனைத்தது. கயிறு அறுத்த பின்காலையே முதலில் எடுத்து, உள்ளங்கையால் அள்ளுவதுபோல ஒரு பிடி மண்ணை அள்ளி ஓரத்தில் வைத்தது. பிறகு அடுத்த கால். குழியை அது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. புண்ணில் மண் ஏறியது. ராஜவேலு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முதல் முட்டை விழுந்தபோது கௌரியம்மாள்தான் குனிந்து பார்த்தாள். சின்ன நாரத்தங்காய் அளவு, வெள்ளையாக, ஈரமாக இருந்தது. ஒன்பது வரை எண்ணினாள். அதற்குமேல் கண்ணீர் மறைத்தது.

"குஞ்சு வருமா?" என்று கோதண்டம் கேட்டான்.

"ஜோடி செத்து ரெண்டு வருசமாச்சி" என்றான் ராஜவேலு. "யாருக்குத் தெரியும்."

கர்னல் மண்ணைத் தள்ளி மூடி, வயிற்றுப்புற ஓட்டால் அழுத்தி, மேலே நாலு முறை திரும்பித் திரும்பி நடந்து தடத்தைக் கலைத்தது. பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டது. கழுத்து மண்ணில் நீண்டு கிடந்தது. மலைப் பக்கம் முதல் காவடிக்காரர்களின் மேளம் எங்கோ தூரத்தில் கேட்டது. கோதண்டம் மாட்டைப் பூட்டிவிட்டு வந்து நின்றான்.

"இருட்டப் போவுது. ஏத்தலாமா, இல்ல உட்டுட்டுப் போலாமா?"

ராஜவேலு மனைவியைப் பார்த்தான். "மொதல்ல தண்ணி குடிக்கட்டும்" என்று அவள் ஆற்றின் நடுவுக்கு இறங்கிப் போய், மண்டியிட்டு, இரண்டு கையாலும் மணலைத் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது. கலங்கலாக ஊற்றுத் தண்ணீர் கசிந்து நின்றது. சற்றுநேரம் கழித்துக் கர்னல் எழுந்தது. யாரும் கூப்பிடாமலே சரிவிலிருந்து அவள் பக்கமாக வந்து, கழுத்தை நீட்டி, மூக்குவரை தண்ணீரில் வைத்து மூக்காலேயே உறிஞ்சியது. குழியில் தண்ணீர் வற்றியது. அது தலையை எடுக்கவில்லை. கௌரியம்மாள் சரிந்த மணலைக் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். அடியிலிருந்து தண்ணீர் மறுபடி ஊறி, அதன் மூக்கு நனையும் அளவுக்கு மெல்ல உயர்ந்து வந்தது.