ஆறு தடவை

காலர்க்காரி எழுந்தாள். நாற்பது தையல் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவிலும் சூப்பர்வைசரின் நாற்காலி கிரீச்சிட்டது கேட்டது. கழிப்பறைக்குப் போகிறவர்கள் அவர் மேசையோரம் ஆணியில் தொங்கும் மரக்கட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். வரிசைக்கு ஒரே கட்டை. அது திரும்பும்வரை அடுத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டியதுதான்.

சட்டைக் காலர் தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால் வந்த பெயர். ஏழு மாதத்துக்கு முன் அவளுடைய பெருங்குடலை முழுதாக எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியையே பைபோல மடித்துத் தைத்திருந்தார் டாக்டர். "நீங்களும் நம்ம தொழில்தான்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். முதலில் நாளைக்குப் பதினைந்து தடவை, வெறும் தண்ணீராக. பிறகு சிறுகுடல், மூத்தவள் போன வீட்டில் அடுப்படிக்கு வந்த இளையவளைப்போல, தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துவைக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. எது இறுக்கும், எது இளக்கும் என்று அவளும் பழகினாள். கொஞ்சம் சோறு, மசித்த உருளைக்கிழங்கு, ஒரு வாழைப்பழம். பதினைந்து பத்தாகி, இப்போது ஆறு. அதில் மூன்று வேலை நேரத்தில். அந்த ஆறும் அவள் பாடுபட்டு வாங்கியது.

"இன்னையிலேருந்து எல்லாருக்கும் ரெண்டு தடவைதான்" என்றார் சூப்பர்வைசர். "உனக்கு முடிஞ்சிடுச்சு. ஒத்துவரலன்னா நூல் வெட்டுற பக்கம் போயிடு. இல்ல, சாப்பிடாம வா."

"அதையும் பாத்தாச்சு சார். பட்டினி கெடந்தா காத்துதான் உருளுது, போறது நிக்கல. மயங்கி ஊசியில வெரல விட்டதுதான் மிச்சம்."

பக்கத்து மெஷின் அக்கா தலை நிமிராமல் கேட்டாள்: "சாரு டீக்கு நாலு தடவ போறாரே, அதுக்கு எந்தக் கட்டைய மாட்டிக்கிறாரு?"

வரிசை களுக்கென்றது. சூப்பர்வைசர் கட்டையை எடுத்துத் தன் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

"இப்ப போனா அந்த மெஷின் உனக்கில்ல."

நூல் வெட்டப் போனவர்கள் யாரும் மெஷினுக்குத் திரும்பியதில்லை. அங்கே கூலியும் பாதி. அவளுக்கு வயிறு சுருண்டு இறங்கியது. ரத்தமாய்ப் போனதை வெட்கப்பட்டு இரண்டு வருடம் மறைத்து, முற்றவிட்டவள் அவள். பெருங்குடலோடு அந்த வெட்கத்தையும் வெட்டி எறிந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"நீங்க வச்சுக்கங்க சார், அந்தக் கட்டைய" என்று சொல்லிவிட்டு, வெறுங்கழுத்தோடு வரிசையின் நடுவே நடந்தாள். ஓடவில்லை.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அவளுடைய மெஷின் விளக்கு அணைந்திருந்தது. சுவிட்சை மறைத்துக்கொண்டு சூப்பர்வைசர் நின்றார். அவள் நாற்காலியில் யாரும் உட்கார்ந்துவிடாதபடி அக்கா அதன்மேல் காலை நீட்டியிருந்தாள்.

"கால எடு, அக்கா."

உட்கார்ந்தாள். பாதி தைத்த காலரை ஊசிக்கடியில் வைத்து, பக்கச் சக்கரத்தைக் கையாலேயே சுற்றினாள். ஊசி ஒருமுறை இறங்கி ஏறியது. மறுபடி சுற்றினாள். அக்கா தன் மெஷினை நிறுத்தினாள், அதற்கடுத்தவளும். காலரின் கூர்முனை, தையல் தையலாக, திரும்பத் தொடங்கியது.