நோட்டில் இல்லாத போன்

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலையில், குளித்துத் திருநீறு பூசிய கையோடு, சுப்புராஜ் தன் வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுவார். இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஒரே பெயரை ரொம்ப நாள் வைத்திருந்தால் எதிரி மோப்பம் பிடித்துவிடுவான் என்பது அங்கே படித்த பாடம். ராஜபாளையத்தில், ஒரு பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடமும் மறுபக்கம் மாவு மில்லும் இருக்கிற தெருவில், எந்த எதிரி வந்து மோப்பம் பிடிக்கப்போகிறான் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள யாருக்கும் தெம்பில்லை. ஜனவரிக்கு ஜபல்பூர், பிப்ரவரிக்குப் பதான்கோட், மார்ச்சுக்குத் தேஜ்பூர் என்று வேலை பார்த்த ஊர்ப் பெயர்களாக வைத்துக்கொண்டு போவார்.

அதோடு ஒரு நோட்டும் உண்டு. கம்ப்யூட்டரோ போனோ, ஒவ்வொன்றுக்கும் பிறக்கும்போதே பன்னிரண்டு எழுத்தில் ஓர் அட்ரஸ் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். அதை வரிசையாக எழுதி, ரூட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். முதல் வரி ஹால் கம்ப்யூட்டர். இரண்டாவது அவர் போன். மூன்றாவது மனைவி பரிபூரணத்தின் போன். நாலாவது மகள் பொன்மணியின் போன். ரூட்டருக்குள் போய், அன்றைக்கு யார் யார் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று நோட்டோடு ஒத்துப் பார்ப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. பட்டாளத்தில் காலையில் ஆள் எண்ணுவது மாதிரி.

நாலு வருஷத்துக்கு முன்னால், கொரோனாவின் இரண்டாவது அலை ஓய்ந்துகொண்டிருந்த சமயம், அந்தக் கணக்கு இடித்தது. பொன்மணி எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, சென்னைக் கம்பெனி ஒன்றில் இரண்டு சுற்றுத் தேறி, கடைசி இன்டர்வியூவுக்குக் காத்திருந்தாள். ஒன்றாம் தேதி பெயர் மாற்றிய பிறகு பார்த்தால், நாலாவது வரியில் இருந்த அட்ரஸ் ரூட்டரில் இல்லை. அதற்குப் பதில் முன்பின் தெரியாத ஓர் அட்ரஸ். அடுத்த மாதம் இன்னொன்று. அதற்கடுத்த மாதம் மூன்றாவதாக ஒன்று. சுப்புராஜுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. தனக்குத் தெரிந்த போனை மேலுக்குக் காட்டிவிட்டு, வேறு எவனோ வாங்கிக் கொடுத்த போனில் மகள் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று தீர்மானித்தார்.

பொன்மணியைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டார். அவள் கையிலிருந்த போனை அவர் முன்னால் வைத்தாள்.

"எங்கிட்ட இருக்கது இந்த ஒரே போன்தாம்பா."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, சத்தியம் செய்யவில்லை. அதுவே அழுத்தக்காரி என்று அவருக்குத் தோன்றியது. மெத்தையைப் புரட்டினார், பீரோவைக் கலைத்தார், அரிசி டிரம்முக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளித்து வைத்திருக்கிறாள் என்றால் விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்றுதான் அவர் புத்தி போனது.

போனைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் என்ன, வழியை அடைக்கலாம் அல்லவா. அன்றைக்கே ரூட்டரில் முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெளியே தள்ளினார். ஹால் கம்ப்யூட்டர் ஒன்றுக்குத்தான் இனி இன்டர்நெட். நோட்டில் நாலாவது வரியைச் சிவப்பு மையில் அடித்தார். அந்த வீட்டுக்குள் போன் டவரும் சரியாக எடுக்காது. நியாயம் பேசுகிற மனிதர் என்று பெயர் வாங்க, தன் போனையும் மனைவியின் போனையும் சேர்த்தே அடைத்தார். பரிபூரணம் இரண்டு நாள் பேசாமல் சோறு போட்டாள். மூன்றாம் நாள் பேசிவிட்டாள். அவளுக்கு அவ்வளவுதான் முடிந்தது.

கடைசி இன்டர்வியூ அந்த ஹாலில்தான் நடந்தது. பக்கத்துக் கடையில் கேமரா இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு பொன்மணி உட்கார்ந்தாள். சுப்புராஜ் நாலடி தள்ளி நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தார். படித்தாரா என்ன, காதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா, இருந்தால் வெளியே போகச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டது. பொன்மணி திரும்பி அவரைப் பார்த்தாள். அவருக்கும் புரிந்தது. அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அப்பா இருக்கிறார் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் முடிந்துபோனது. வேலை கிடைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று அன்று அவர் வாய்விட்டே சொன்னார்.

அடுத்த மூன்றாவது மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார். சோலைராஜ், எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன், தங்கமான பையன். அது பொன்மணியின் அதிர்ஷ்டமே தவிர, சுப்புராஜின் சாமர்த்தியம் இல்லை. அவசரத்தில் அவர் யாரை வேண்டுமானாலும் பார்த்திருப்பார். பேரன் பிறந்தான். பொன்மணி அம்மாவிடம்தான் போனில் பேசுவாள்; டவருக்காகப் பரிபூரணம் தெருவில் போய் நின்றுகொள்வாள். அப்பா வந்தால் காபி கொடுப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். அவர் வருஷத்துக்கு இரண்டு தடவை பழப்பையோடு போய், காபியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

போன மாதம் பரிபூரணம் பேரனின் முகம் பார்த்துப் பேச வேண்டுமென்று ஒரு புதுப் போன் வாங்கினாள். மனிதர் மனமிரங்கி அதன் அட்ரஸையும் ரூட்டரில் சேர்த்தார். நாலு வருஷத்தில் கம்ப்யூட்டருக்குத் துணையாக உள்ளே போன முதல் போன் அதுதான். இந்த ஒன்றாம் தேதி வழக்கம்போல் வைஃபை பெயரை மாற்றினார். அந்தப் போன் வெளியே நின்றுவிட்டது. ரூட்டரைத் திறந்து பார்த்தால், தெரியாத அட்ரஸ் ஒன்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

"ஏட்டி, ஒங்கிட்ட வேற போன் ஏதும் இருக்கா?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பரிபூரணம் நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கு அவகிட்ட கேட்டிய. இன்னைக்கு எங்கிட்டயா?"

சுப்புராஜ் இன்டர்நெட் இணைப்புக்காரன் ஜெபினை வரச்சொன்னார். அவன் போனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தான்.

"இப்ப வார போனெல்லாம் நெசமான அட்ரஸைக் காட்டாது சார். ஒவ்வொரு வைஃபை பேருக்கும் ஒரு பொய் அட்ரஸ் வச்சுக்கிடும். நீங்க பேரை மாத்துனா அதுவும் புதுசா ஒண்ணு வச்சுக்கிடும். போன் ஒண்ணுதான்."

இது எப்போதிருந்து என்று சுப்புராஜ் கேட்டார். அஞ்சாறு வருஷமாகவே இருக்கிறது, பழைய போனாக இருந்தாலும் அப்டேட் போட்டால் வந்துவிடும் என்றான் ஜெபின். இன்னமும் வைத்திருக்கிற தன் பழைய போனுக்கோ மனைவியின் பழைய போனுக்கோ சுப்புராஜ் ஒருநாளும் அப்டேட் போட்டதில்லை. எல்லா போனுக்கும் திறந்துவிட்டுப் போகட்டுமா என்று வேறு கேட்டான். பொறவு பார்க்கலாம் என்று அவனை அனுப்பிவிட்டு, சுப்புராஜ் நோட்டை ஆணியிலிருந்து எடுத்தார். மூன்று மாதம், மூன்று பெயர், மூன்று அட்ரஸ். எதிரிகளை மாதாமாதம் பிறப்பித்தது அவருடைய ஒன்றாம் தேதிதான். சட்டையை மாட்டிக்கொண்டு, நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பழம் வாங்கக்கூடத் தோன்றவில்லை.

அரை மணி நேரத்து வழி. தப்பு என்மேல்தான் என்று எந்த வார்த்தையில் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ சேதி அனுப்பியவருக்கு அந்த ஒரு சேதி வாயில் வரவில்லை.

பொன்மணி வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். ஆஸ்பத்திரிகளுக்கு ரிப்போர்ட் டைப் செய்து கொடுக்கிற வேலை. பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். பழப்பை இல்லாமல் வந்த அப்பாவைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ என்று பதறிப்போனாள். அதெல்லாம் இல்லை என்று சொல்லி, நோட்டை விரித்து அவள் முன்னால் வைத்து, ஜெபின் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

பொன்மணி சிவப்பு மையில் அடித்திருந்த வரியைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்பா. இந்த வீட்டுக்கு வந்து ரூட்டர் மாட்டுன அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தாயி."

"சொன்னேனேப்பா. ஒரே போன்தான்னு அப்பவே சொன்னேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். செய்த தப்பை மன்னிச்சுக்கிடு என்றார். இவ்வளவு நாள் மனதில் ஒரு சத்தியத்தை எதிர்பார்த்து நின்றவர், அவள் சொன்ன முதல் வார்த்தையே போதுமானதாக இருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தார். பொன்மணி காபி போட எழுந்து போனாள்.

பரிபூரணம் பயந்துகொண்டிருப்பாள் என்று போனை எடுத்தார். டவர் இல்லை. அடுப்படியிலிருந்தே பொன்மணி வைஃபை பாஸ்வேர்டைச் சொன்னாள். ஆஸ்பத்திரி வேலை என்பதால் இங்கேயும் லிஸ்டில் உள்ள மெஷினுக்கு மட்டும்தான் வழி என்று சோலைராஜ் எப்போதோ சொன்னது அவருக்கு நினைவு வந்தது.

"அட்ரஸைச் சேக்கணும்ல? நோட்டுல ரெண்டாவது வரி."

"சேத்தாச்சு. முத நாளே சேத்துட்டேன். அது எனக்கு மனப்பாடம்பா."

கம்ப்யூட்டரில் லிஸ்டைத் திறந்து காட்டினாள். அவள் கம்ப்யூட்டர், அவள் போன், சோலைராஜ் போன். நாலாவது வரியில் 'அப்பா' என்று இருந்தது. பக்கத்தில் பன்னிரண்டு எழுத்தும் பிசகாமல் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்தே இந்த வீட்டில் அவருக்கு வழி திறந்துதான் கிடந்திருக்கிறது. அவர்தான் காபியைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிபூரணத்துக்கு வீடியோ கால் போட்டார். பேரனும் எழுந்து வந்து மடியில் உட்கார்ந்து அம்மாச்சி முகம் வருமென்று திரையைப் பார்த்தான். சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். போகவில்லை.

பொன்மணி காபி டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"அம்மா போனை இன்னும் சேக்கலையாப்பா?"

சுப்புராஜ் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ராஜபாளையத்து வீட்டில், யாரும் உட்காராத ஹால் கம்ப்யூட்டருக்கு மட்டும் இன்டர்நெட் வந்துகொண்டிருந்தது.